மறைவதற்காகப் பூசிய நிறம்

1939 செப்டம்பரில் போலந்துக்குள் நுழைந்த ஜெர்மன் டாங்கிகள் என்ன நிறம்? மாடல் டாங்கி செய்கிறவர்களிடம் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு இதைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் சாம்பல் என்றிருப்பார்கள். பெட்டியின் மேலிருந்த ஓவியம் அப்படித்தான் சொன்னது, உள்ளே இருந்த குறிப்புத்தாளும் அப்படித்தான் சொன்னது. சினிமாவிலும் சாம்பல்தான். தாமஸ் ஜென்ட்ஸ், ஹிலாரி டாயில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஜெர்மன் ராணுவத்தின் பழைய உத்தரவுகளைத் தேடியெடுத்து வெளியிட்ட பிறகுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது. அந்த டாங்கிகளுக்கு இரண்டு நிறம். மூன்றில் இரண்டு பங்கு அடர்சாம்பல், மீதி அடர்பழுப்பு. வெறும் சாம்பல் போதும் என்ற உத்தரவு வந்தது 1940 ஜூலை கடைசியில். அதற்குள் போலந்தும் முடிந்திருந்தது, பிரான்சும் முடிந்திருந்தது.

இத்தனைக்கும் புகைப்படங்களுக்குப் பஞ்சமில்லை. சாதாரணச் சிப்பாய்கூடக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போன போர் அது. ஆனால் படங்கள் கறுப்பு வெள்ளை. அந்தச் சாம்பலுக்கும் அந்தப் பழுப்புக்கும் அடர்த்தி கிட்டத்தட்ட ஒன்று. நிறத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தை மட்டும் பதிகிற ஃபிலிமில் இரண்டும் ஒன்றாகிவிடும். மேலே ஒரு படலம் புழுதியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். விஷயம் தெரிந்த பிறகு அதே படங்களைத் திரும்பப் பார்த்தால், பிரதி நன்றாக இருக்கும் பட்சத்தில், பழுப்பின் ஓரம் தட்டுப்படுகிறது. இத்தனை நாளும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. எதிரியின் பீரங்கிக்காரனை ஏமாற்றுவதற்காகத் தீட்டிய பழுப்பு கடைசியில் ஏமாற்றியது மாடல்காரர்களை, அதுவும் இரண்டு தலைமுறையை.

ஒரு டாங்கியின் நீளத்தை 35ஆல் வகுத்துவிடலாம். நிறத்தை எதால் வகுப்பது? இந்தப் பொழுதுபோக்கின் முழுத் தொல்லையும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. 35 என்ற எண்ணேகூட எந்தத் தத்துவத்திலும் பிறந்ததில்லை. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் மோட்டாரில் ஓடும் பேந்தர் டாங்கி ஒன்றை வெளியிட்டது. உள்ளே பேட்டரிகள் அடங்க வேண்டும் என்பதற்காக உடலின் அளவைத் தீர்மானித்தார்கள். பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 1/35. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் ஒருமுறை நிலைபெற்றுவிட்டால் அளவுக்கு ஒரு நாணயம் உண்டு. சக்கரத்தின் விட்டத்தைக் காலிப்பரால் அளந்து, மூல வரைபடத்தோடு ஒப்பிட்டு, அரை மில்லிமீட்டர் கூடுதல் என்று கிட் கம்பெனியைத் திட்டலாம். ரிவெட் எத்தனை என்று எண்ணலாம். நிறத்துக்கு அப்படியொரு காலிப்பர் கிடையாது. இருப்பதாக நம்மை நம்பவைக்கிறவை எண்கள்.

எண்களில் அதிகம் புழங்குவது ஜெர்மானியர்களின் ரால். 1925இல் அமைந்த குழு. 1927இல் 40 நிறங்களோடு முதல் தொகுப்பு வெளிவந்தது. அதன் நோக்கம் சாதாரணமானது. வாங்குகிறவனும் விற்கிறவனும் நிறத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொள்ளக் கூடாது. ரயில்வேயோ அமைச்சகமோ எண்ணைச் சொன்னால், எந்தத் தொழிற்சாலையிலிருந்து வந்தாலும் டப்பாவுக்குள் ஒரே நிறம் இருக்க வேண்டும். கவனிக்க வேண்டியது இதுதான்: டப்பாவுக்குள். டப்பாவிலிருந்து வெளியே வந்து, பெட்ரோல் கலந்து, இரும்பின் மேல் ஏறி, உக்ரைனில் ஒரு கோடையும் ஒரு சேற்றுக்காலமும் கடந்த பிறகு அந்த நிறம் எப்படி இருக்கும் என்று எந்தக் குழுவும் உறுதி கொடுக்கவில்லை. மாடல் செய்கிறவர் தேடுவதோ அந்தக் கடைசி நிலையை. கொள்முதல் ஒப்பந்தத்தின் மொழியில் எழுதப்பட்ட ஒன்றைப் போர்க்களத்தின் சாட்சியாக நாம் வாசிக்கிறோம்.

எனக்குத் தெரிந்து இந்தக் குழப்பம் உச்சத்தைத் தொடுவது 1943 பிப்ரவரியில் வந்த அடர்மஞ்சளில். ஜெர்மன் ராணுவம் சாம்பலைக் கைவிட்டு எல்லா வாகனங்களுக்கும் இதை அடிப்படை நிறமாக்கியது. ரால் 7028. அந்த வரிசையில் மஞ்சள்கள் ஆயிரத்திலிருந்து தொடங்கும், பச்சைகள் ஆறாயிரத்தில், பழுப்புகள் எட்டாயிரத்தில். ஏழாயிரம் சாம்பல்களின் வீடு. பெயரில் மஞ்சள், எண்ணில் சாம்பல். பார்வைக்கு, காய்ந்த வைக்கோலில் ஈரமண் கலந்தது போல ஒன்று. இன்றைய கடைகளில் டமியாவின் எக்ஸ்.எஃப்-60 ஒரு அடர்மஞ்சள், வாலேஹோவினுடையது வேறொன்று, ஹம்ப்ரோலுடையது இன்னொன்று. ஒன்று பச்சையின் பக்கம் சாயும், ஒன்று பிஸ்கட் நிறத்துக்கு. மூன்றையும் ஒரே அட்டையில் பூசிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூன்று வெவ்வேறு ராணுவங்கள் மாதிரி இருக்கும்.

யார் சொல்வது சரி என்று கேட்பதற்கு முன் மூலத்திலேயே எவ்வளவு தள்ளாட்டம் இருந்தது என்று பார்க்க வேண்டும். அடர்மஞ்சள் தொழிற்சாலையில் பூசப்பட்டது. அதன் மேல் தீட்ட வேண்டிய ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் கெட்டிப் பசையாகப் படைப்பிரிவுகளுக்குப் போயின. வண்டிக்காரர்களே கரைத்து, அந்தந்த நிலத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ற மாதிரி அடித்துக்கொள்ள வேண்டும். பெட்ரோலில் கரைத்தால் நன்றாக ஒட்டும். பெட்ரோல் இல்லையென்றால் தண்ணீர். தண்ணீரில் கரைத்தது மழையில் வழிந்துவிடும். அதிகம் நீர்த்தால் கீழிருக்கும் மஞ்சள் தெரியும், குறைவாக நீர்த்தால் ஸ்ப்ரே துப்பாக்கி அடைத்துக்கொள்ளும். துப்பாக்கி கிடைக்காத இடத்தில் தூரிகை, தூரிகையும் இல்லாத இடத்தில் துடைப்பமும் கந்தையும். ஒரே கம்பெனியின் இரண்டு டாங்கிகள் ஒரே டப்பாவிலிருந்து இரண்டு பச்சைகளைப் பெற்றிருக்கும். இதற்கு மேல் நாம் போய் ரால் 6003 எந்தப் பாட்டிலில் அப்படியே கிடைக்கும் என்று கடை கடையாக அலைகிறோம்.

அமெரிக்கர்களின் கதை இன்னும் வேடிக்கை. அவர்களுடைய ஆலிவ் டிராப், பச்சை நிறமியே தேவைப்படாத பச்சை. மஞ்சள் காவியோடு கறுப்பைக் கலந்தால் போதும், கண் அதைப் பச்சை என்று எடுத்துக்கொள்ளும். வீட்டில் வாட்டர்கலர் இருந்தால் செய்து பார்க்கலாம். மஞ்சளை இருட்டாக்கினால் அது பாசியின் பக்கம் போகும். கறுப்பு எவ்வளவு, காவி எவ்வளவு என்பதில் கொஞ்சம் மாறினாலே ஒரு வண்டி பழுப்பாகவும் அடுத்தது பச்சையாகவும் தெரியும். வெயிலில் காய்ந்த பிறகு இரண்டும் வேறு வேறு பாதையில் வெளுக்கும். நார்மண்டியில் அமெரிக்க டாங்கிகள் பச்சையா பழுப்பா என்று சண்டை போடுகிறவர்கள் இரண்டு தரப்புமே சரி. இந்த ஒரு விவாதத்தில் நான் யாருக்கும் மறுப்புச் சொல்வதில்லை.

ஆனால் எல்லாத் தரப்பும் சரியாக இருந்துவிடுவதும் இல்லை. 1940, 41இல் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் டாங்கிகளுக்குச் சாய்ந்த நேர்கோடுகளில் மூன்று நிறம் தீட்டினார்கள். பிரிகேடியர் காண்டரின் பெயரால் அழைக்கப்படும் திட்டம். போர்ட்லண்ட் ஸ்டோன் என்ற வெளிர்மஞ்சள், ஸ்லேட் என்ற அடர்நிறம், நடுவில் சில்வர் கிரே. இந்த மூன்றாவது நிறம் நெடுங்காலம் வெளிர்நீலமாகவே தீட்டப்பட்டது. இங்கிலாந்தின் அருங்காட்சியகத்தில் நின்ற மெட்டில்டா டாங்கியில் வானநீலம், அதைப் பார்த்துக் கிட்டுகளின் குறிப்புத்தாளில் வானநீலம், அதைப் பார்த்து வீட்டு மேசைகளில் வானநீலம். மைக் ஸ்டார்மர் என்ற ஆய்வாளர் அந்தக் காலத்து பிரிட்டிஷ் நிறத் தரங்களையும் ஆவணங்களையும் ஒட்டி நின்று, அது பச்சை கலந்த சாம்பல் என்று பொறுமையாக நிறுவினார். இரும்பு அசலாகவே இருந்தாலும் அதன் மேலுள்ள பெயின்ட் அசலாக இருக்க வேண்டியதில்லை என்பது மாடல்காரர்களுக்கு அப்போதுதான் உறைத்தது. அருங்காட்சியக டாங்கி என்பது முழு அளவில் செய்த மாடல்தான். அதற்கும் யாரோ ஒருவர் நிறம் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

மூல நிற அட்டையையே பார்த்துவிட்டால் தீராதா என்று தோன்றும். அட்டையும் சாட்சி மாறும். ஆளி எண்ணெயில் குழைத்த பெயின்ட் இருட்டில் இருந்தால் மஞ்சளிக்கும், வெளிச்சத்தில் இருந்தால் நிறமி வெளுக்கும். கோப்புக்குள் பத்திரமாக மூடி வைத்த அட்டை எழுபது எண்பது ஆண்டுகளில் பத்திரமாக மஞ்சளித்திருக்கும். வண்ணப்படங்களும் இதே கதைதான். கோடாக்ரோம் 1935இல் வந்துவிட்டது, அக்ஃபாவின் புதிய வண்ண ஃபிலிம் அடுத்த ஆண்டு. ஆனால் சாயங்கள் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. நீலம் நின்று மஞ்சள் போனால் ஒரு டாங்கி, மஞ்சள் நின்று நீலம் போனால் வேறொரு டாங்கி. கறுப்பு வெள்ளையில் பொய் இருப்பது நமக்குத் தெரியும், அதனால் எச்சரிக்கையோடு பார்க்கிறோம். வண்ணப்படத்தை அப்படியே நம்பிவிடுகிறோம். என்னைக் கேட்டால் ஆபத்து இரண்டாவதில்தான் அதிகம்.

இனி அளவின் விவகாரம். சின்ன மாடலுக்கு மூல நிறத்தை அப்படியே பூசக் கூடாது, கொஞ்சம் வெள்ளை கலந்து வெளுக்க வேண்டும் என்று பழைய மாடல்காரர்கள் சொல்வார்கள். 1/72க்கு இவ்வளவு சதவீதம், 1/48க்கு இவ்வளவு என்று அட்டவணையே உண்டு. காரணமாக அவர்கள் சொல்வது காற்று. தூரத்து மலை நீலமாகவும் வெளிறியும் தெரிவது போல, தூரத்தில் நிற்கிற டாங்கியின் நிறமும் வெளிறும், மாடல் என்பது தூரத்தில் நிற்கிற டாங்கிதானே என்பது வாதம். கணக்குப் போட்டால் இது நிற்பதில்லை. 1/35 மாடலை ஒரு சாண் சொச்சம், அதாவது 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால், உண்மை டாங்கியைப் பத்தரை மீட்டரிலிருந்து பார்ப்பதற்குச் சமம். பத்தரை மீட்டர் காற்று எந்த நிறத்தையும் வெளுக்காது. வெளுத்தால் தெருவின் எதிர்வீடே வெளிறித் தெரிய வேண்டும்.

ஆனாலும் கொஞ்சம் வெளுத்த மாடல்தான் கண்ணுக்குச் சரியாகப் படுகிறது. இதை மறுக்கிறவர் கையில் தூரிகை எடுத்ததில்லை என்பேன். காரணம் காற்றில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. நேர்வெயிலின் அளவு ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். வீட்டுக்குள் விளக்கடியில் சில நூறு. உக்ரைன் வெயிலில் நின்ற ஒன்றை அலமாரியின் இருட்டுக்குள் கொண்டுவந்து வைக்கிறோம். அத்தோடு சின்னப் பரப்பில் உள்ள நிறம் பெரிய பரப்பில் உள்ளதைவிட அடர்த்தியாகத் தெரியும். ஷேட் கார்டில் பார்த்து வாங்கிய நிறம் சுவரில் ஏறியதும் இன்னொன்றாக எழுந்து நிற்பதை வீடு கட்டிய எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஆக வெள்ளை கலக்கிற வழக்கம் சரி, அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் தவறு. கைவேலைகளில் இது அபூர்வமில்லை. வெள்ளையும்கூட எப்போதும் சரியான துணை இல்லை; ஆலிவ் டிராபில் வெள்ளை சேர்த்தால் சுண்ணாம்புபோல் உயிரற்றுப் போகும். வெளிர்மஞ்சளோ பழுப்பு கலந்த தோல்நிறமோ சேர்த்தால் வெளிச்சம் கூடும், நிறமும் நிற்கும்.

மேசையில் கலக்கும்போது கலவை ஒரு நிறம், அடித்த ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தபின் ஒரு நிறம். அக்ரிலிக் பெரும்பாலும் காய்ந்தால் அடர்ந்துபோகும். மேலே பளபளப்பு வார்னிஷ் அடித்தால் இன்னும் அடரும், மேட் அடித்தால் வெளுக்கும். கறுப்புப் பிரைமரின் மேல் ஏர்பிரஷ்ஷால் மெல்லிசாக அடித்த மஞ்சளும் செம்பழுப்புப் பிரைமரின் மேல் அடித்த மஞ்சளும் ஒன்றாக இருக்காது. விளக்கோ இதற்கெல்லாம் மேல். இரண்டு கலவைகள் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றாகவே இருந்து, டியூப் லைட்டின் கீழ் பிரிந்து நிற்கும்; உள்ளே உள்ள நிறமிகள் வேறு வேறு என்பதால் இப்படி நேர்கிறது. எனவே பிளாஸ்டிக் சட்டத்தின் மிச்சத் துண்டுகளில் பூசி, காயவைத்து, வார்னிஷும் அடித்து, காலையில் ஜன்னலோரமும் மாலையில் விளக்கடியிலும் பார்க்காமல் எந்தக் கலவையையும் ஏற்கக் கூடாது. சலிப்பான வேலை. பாட்டில் வாங்கி எண்ணை நம்புகிறவர்கள் இதைத்தான் தவிர்க்க விரும்புகிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

நான் குறை சொல்வது வேறொன்றை. 1980களில் பெல்ஜியத்தின் வெர்லிண்டன் பாணி. காய்ந்த தூரிகையால் ஓரங்களையெல்லாம் வெளுத்து எடுப்பார்கள். 2000த்துக்குப் பின் ஸ்பானியர்களின் காலம்; ஒவ்வொரு தகட்டையும் மேலே வெளிராகவும் கீழே அடர்த்தியாகவும் தீட்டி, நிழலையே நிறத்தால் உண்டாக்குகிறார்கள். அழகுதான், கைத்திறனும் அபாரம். ஆனால் புகைப்படத்தில் ஒருநாளும் காணாத டாங்கிகள் அவை. போட்டிகளில் பரிசு வாங்கிய மாடலைப் பார்த்து அடுத்த மாடல், அதைப் பார்த்து அதற்கடுத்தது. இன்று ஒரு மாடலைக் காட்டினால் அந்த டாங்கி 1943ஐச் சேர்ந்ததா 44ஐச் சேர்ந்ததா என்பதைவிட, அதைத் தீட்டியவர் எந்தப் பத்தாண்டில் தீட்டினார் என்பதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். உருமறைப்பு கவனத்தை விலக்குவதற்காக உண்டானது. அதைக் கண்ணைப் பறிக்கிற மாதிரித் தீட்டுவதில் ஏதோ ஒன்று இடறுகிறது.

உருமறைப்பை முதலில் ராணுவத்துக்குச் செய்தவர்களும் ஓவியர்கள்தான். 1916 செப்டம்பரில் பிரிட்டிஷ் டாங்கிகள் முதன்முறையாகப் போர்க்களத்துக்கு வந்தபோது அவற்றுக்கு நிறத்திட்டுகள் வகுத்துக் கொடுத்தவர் சாலமன் ஜே. சாலமன், ராயல் அகாதெமி உறுப்பினர். சிரத்தையான வேலை. சோம் ஆற்றங்கரைச் சேற்றில் கொஞ்சதூரம் ஓடியதும் எல்லாம் ஒரே நிறமாகிவிட்டது. அந்த ஓவியத்தனமான திட்டத்தைச் சீக்கிரமே கைவிட்டார்கள். கடைசியில் டாங்கிக்கு நிறம் கொடுத்தது அது ஓடிய மண். மாடலில் சேறு பூசுகிறவர்கள் இதனால்தான் பாதித் தகராறிலிருந்து தப்பித்துவிடுகிறார்கள்.

இந்தப் பேச்சில் வெளிப்புறத்தோடு நின்றுவிடுவது எனக்கு எப்போதும் நெருடும். டாங்கிக்கு உட்புறமும் உண்டு, அதற்கும் நிறம் உண்டு. ஜெர்மன் டாங்கிகளில் உள்ளே தந்தநிறம், அமெரிக்க டாங்கிகளில் வெள்ளை. ஜன்னலில்லாத இரும்புப் பெட்டிக்குள் சின்ன விளக்கின் வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்ப வேண்டும் என்பதற்காக. அமெரிக்காவின் மூன்றாம் கவசப் படைப்பிரிவில் பழுதுபார்ப்புப் பொறுப்பில் இருந்த பெல்டன் கூப்பர் 1998இல் தன் போர் நினைவுகளைப் புத்தகமாக்கினார். ஷெர்மன் டாங்கியைப் பற்றிய அவருடைய தீர்ப்புகளோடு வரலாற்றாளர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். ஆனால் அவர் அன்றாடம் பார்த்த ஒரு வேலையை விவரிக்கிறார். குண்டு துளைத்து, உள்ளே ஆட்கள் இறந்துபோன டாங்கிகள் பட்டறைக்கு வரும். இருந்ததை எடுத்துவிட்டு, கழுவி, கிருமிநாசினி தெளித்து, துளையை அடைத்து, உட்புறம் முழுக்கப் புதிதாகப் பெயின்ட் அடிப்பார்கள். புது ஆட்கள் ஏறத் தயங்கக் கூடாது என்பதற்காக.

அந்தப் பெயின்டும் உருமறைப்புதான்; எதிரிக்காகச் செய்யாதது. 1/35 கிட்டுகளில் உட்புறமும் சேர்த்து விற்பது இப்போது வழக்கமாகிவிட்டது. உள்ளே பூச என்ன வெள்ளை, எவ்வளவு அழுக்கு, காலணிகள் உரசி எங்கே தேய்ந்திருக்கும் என்றெல்லாம் விரிவாகக் கேட்கிறார்கள். பதிலும் விரிவாகக் கிடைக்கிறது. மேற்பூச்சின் கீழ் என்ன இருந்தது என்பதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டே ஆக வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். பிளாஸ்டிக்கில் எல்லாவற்றையும் செய்து காட்டுவது மரியாதை ஆகிவிடாது. ஆனால் நிறத்தில் இத்தனை நுணுக்கம் பார்க்கிறவர்கள், அந்த நிறத்தின் வேலை என்னவென்பதை மறந்துவிட்டுப் பார்க்க முடியாது. உருமறைப்பு என்பது உள்ளே இருப்பவர் உயிரோடு திரும்பவும், முந்திக்கொண்டு எதிரே இருப்பவரைக் கொல்லவும் பூசிய பெயின்ட்.

சரியான நிறம் எது என்று கேட்டு எழுதுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது குறைவு. சரி என்று எதையும் உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும் தவறு என்று சிலவற்றைச் சொல்ல முடியும். 1939 டாங்கிக்கு வெறும் சாம்பல் பூசினால் தவறு. காண்டர் திட்டத்தில் வானநீலம் தவறு. 1943 பிப்ரவரிக்கு முந்தைய ரஷ்யக் களத்து வண்டியில் தொழிற்சாலை அடர்மஞ்சள் தவறு. 1944 கடைசியில் சில வண்டிகள் செம்பழுப்பு அடிப்பூச்சின் மேலேயே திட்டுகள் ஏற்று வெளிவந்தன, ஆகவே அந்த மாதங்களின் சிவப்பைப் பார்த்துச் சிரித்தால் அதுவும் தவறு. இந்த எல்லைகளுக்குள் நின்றுவிட்டால் மிச்சமெல்லாம் உங்கள் கண், உங்கள் ஜன்னல், உங்கள் பொறுப்பு.

ஒரு வேண்டுகோள் மட்டும். நிறம் முடிந்ததும் மாடலைக் கவிழ்த்து, அடிப்பாகத்தில் மெல்லிய பேனாவால் நாலு விஷயம் எழுதிவையுங்கள்: எந்த மாதத்து வண்டி, எந்தக் களம், எந்தப் படத்தையோ ஆவணத்தையோ பார்த்தீர்கள், எந்தப் பெயின்டில் எத்தனை துளி கலந்தீர்கள். அடுத்து அதைக் கையில் எடுப்பவர் உங்களோடு முரண்பட விரும்பினால் அவருக்கு அது தேவைப்படும்.